வண்டி ரெடியாகட்டும்

ரிப்பேர் முடிந்த வண்டியைத் திருப்பித் தராமல் வைத்திருப்பதற்காக மெக்கானிக்குக்குக் காசு கொடுத்த ஆள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் நானும் சிரித்தேன்.

வீட்டில் நாங்கள் இரண்டே பேர். நான் பெரியவள். கல்யாணம் காட்சி என்று எதிலும் மாட்டிக்கொள்ளாமல், தண்ணீர் வாரிய அலுவலகத்தின் புகார் கவுண்ட்டரில் உட்கார்ந்தே தலையை நரைக்க வைத்தவள். என் தங்கை சின்னவள். கைக்குழந்தை இருக்கும்போதே புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, ஒரு பெட்டியும் ஒரு பிள்ளையுமாக என் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். மருந்துக்கடையில் வேலைக்குப் போனாள். டாக்டர்களின் கோழிக் கிறுக்கலைப் படிக்கத் தெரியும், என் முகத்தைப் படிக்கத் தெரியாது. அந்தக் குழந்தையை இரண்டு பேருமாகத்தான் வளர்த்தோம். அவளுக்குக் குட்டி என்று பெயர் வைத்தது நான்தான். தலை வாரிவிட்டது நான், வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தது நான், தப்பாகச் சொன்னால் ஒரு அடி வைத்துவிட்டுப் பாத்ரூமில் போய் அழுததும் நான். அவள் அம்மா தட்டியதுகூடக் கிடையாது. எல்லாப் பொல்லாப்பும் பெரியம்மாவுக்கு.

வண்டி நாங்கள் சேர்ந்து வாங்கிய கார். சின்னவள் ஓட்டுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து திட்டுவேன்.

"பிரேக் போடு, பிரேக் போடு!"

"போட்டுட்டுதான்கா இருக்கேன்."

"அவன் வர்றான் பாரு, உனக்குக் கண்ணு இருக்கா இல்லையா?"

"அவன் நின்னுட்டு இருக்கான். நீயே வந்து ஓட்டேன்."

இது எங்களுடைய அன்றாடப் பாராயணம். வீட்டுக்குள் ஆளுக்கொரு மூலையில் இருப்போம். வண்டியில் ஏறிவிட்டால் வாய் திறந்துகொள்ளும். இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசுவதால் வெட்கம் இருக்காது. குட்டி யாரையோ விரும்புகிறாள் என்று சின்னவள் எனக்குச் சொன்னது ஒரு ரயில்வே கேட்டில் நிற்கும்போது. என் மார்பில் ஒரு கட்டி இருப்பதாகவும், பயமாக இருப்பதாகவும் நான் சொன்னது பெட்ரோல் பங்கில். அது ஒன்றுமில்லாத கட்டியாகப் போனது வேறு விஷயம்.

இப்போது குட்டி வேறொரு ஊரில் இருக்கிறாள். போய்வர ஒரு பகல் முழுக்கப் போய்விடும். மாசமாக இருக்கிறாள். ஒரு நாள் போன் செய்தாள். சின்னவள் சமையல் கையோடு ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, நீ இங்க எங்ககூடவே வந்து இருந்துடேன். நான் திரும்ப வேலைக்குப் போகணும். புள்ளையப் பாத்துக்க ஆள் விசாரிச்சு வச்சிருக்கோம், நல்ல பொம்பளதான். இருந்தாலும் நீ இருந்தா எனக்கு நிம்மதி. யோசிச்சு சொல்லு."

நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். என் பெயர் வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். வந்தது.

"பெரியம்மா, பக்கத்துல இருக்கீங்களா? நீங்களும் அப்பப்ப வாங்க பெரியம்மா. இங்க இருக்கறது ஒரு ரூம்தான், இல்லன்னா உங்களையும் சேத்தே கூட்டிட்டு வந்திருப்பேன்."

அப்பப்ப வாங்க. வருகிற விருந்தாளிக்குச் சொல்கிற வார்த்தை. அந்தக் குழந்தை பல் முளைக்கும்போது கடித்தது என் தோளை. வெங்காயம் இருந்ததால் முகத்தைத் துடைத்துக்கொள்ள வசதியாக இருந்தது.

அன்று சாயங்காலம் நாங்கள் கடைக்குப் போனோம். வண்டி இன்ஜினில் கரகரவென்று ஒரு சத்தம். சிக்னலில் நிற்கும்போது சின்னவள் கேட்டாள்.

"அக்கா, நான் என்ன செய்யட்டும்?"

'போகாதே' என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு சொல். அதைச் சொன்னால் என்ன, நாக்கு அழுகிவிடுமா? ஆனால் நான்தானே பெரியவள். எனக்கு யாரும் தேவையில்லை என்று அத்தனை வருஷம் தலையை நிமிர்த்திக்கொண்டு திரிந்தவள். அதோடு, பெத்த பொண்ணு கூப்பிடுகிறாள். நடுவில் நின்று மறிக்க நான் யார்?

"முதல்ல வண்டி ரெடியாகட்டும். அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன்.

"அதுவும் சரிதான். வண்டி ரெடியாகட்டும்" என்றாள்.

மெக்கானிக்கை நாங்கள் டாக்டர் என்போம். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்பார். நாங்களும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்போம். அன்றும் கேட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"வாட்டர் பம்பும்மா. பேரிங் போயிருக்கு. மத்தபடி வண்டி குத்துக்கல்லாட்டம் இருக்கு. நாளை மறுநாள் எடுத்துக்கலாம்."

நாளை மறுநாள்! சின்னவளை முன்னால் போகச் சொல்லிவிட்டு, கைக்குட்டையை விட்டுவிட்டேன் என்று திரும்பிப் போனேன்.

"டாக்டர், வண்டி நாளை மறுநாள் ரெடியாகக் கூடாது."

"ஏம்மா?"

"ஆகக் கூடாது. அவ்வளவுதான். பம்ப மாத்துங்க, ஓரமா நிறுத்தி வைங்க. நிறுத்தி வைக்கறதுக்கு நான் தனியா தர்றேன். தங்கச்சி கேட்டா வேற ஏதாவது போச்சுன்னு சொல்லுங்க."

மனுஷன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நல்லா இருக்கற வண்டிய நோயாளின்னு சொல்லச் சொல்றீங்க. எனக்குப் பொய் வராதும்மா."

"நான் சொல்லித் தர்றேன்" என்றேன்.

எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான். ஒரு ஆளை இல்லை என்று சொல்லாமலே மாதக்கணக்கில் திருப்பி அனுப்புவது எப்படி என்று என்னைக் கேட்க வேண்டும். குழாய் இணைப்பு கேட்டு வந்தவர்கள் எத்தனை பேர் என் கவுண்ட்டரில் செருப்புத் தேய நின்றிருக்கிறார்கள்! "பொய்யே சொல்லாதீங்க டாக்டர். பாத்துட்டுதான் இருக்கோம்னு சொல்லுங்க. சாமான் வரணும்னு சொல்லுங்க. என்ன சாமான்னு கேட்டா பெருமூச்சு விடுங்க." அவர் பெருமூச்சு விட்டுப் பழகினார். அவருக்கு அது இயல்பாகவே வந்தது, என்னைப் பார்த்ததும்.

சின்னவள் போன் செய்யும்போதெல்லாம் டாக்டர் பெருமூச்சு விட்டார். பம்ப் முடிந்தது, ரேடியேட்டர் என்றார். ரேடியேட்டர் முடிந்தது, கியர் பாக்ஸ் என்றார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக நாள் தள்ளிப் போனது. நான் வீட்டில் உட்கார்ந்து, "என்ன ஆளு இவன், வேலைய முடிக்கவே மாட்டானா?" என்று கத்துவேன். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டினேன்.

அவளும் குட்டியிடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். "வண்டி ஒர்க்‌ஷாப்ல இருக்குடி. பெரியம்மாவ இப்படி விட்டுட்டு நான் எப்படி வருவேன்? வண்டி வரட்டும்." இதைக் கேட்கும்போது எனக்கு உள்ளுக்குள் பாயசம் குடித்த மாதிரி இருக்கும். வயசான கழுதைக்கு வந்த புத்தியைப் பாருங்கள்.

கண் ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் பஸ்ஸில் போனோம். என் முட்டி பஸ் படிக்கட்டுக்கு ஒத்துக்கொள்ளாது. முதல் படியில் காலை வைத்துவிட்டு மேலேயும் போக முடியாமல் கீழேயும் இறங்க முடியாமல் நின்றேன். சின்னவள் கீழே இருந்து என்னைத் தள்ளினாள். கண்டக்டர் மேலே இருந்து இழுத்தார். "மூட்டைய ஏத்தற மாதிரி ஏத்தாதீங்கய்யா!" என்று நான் சத்தம் போட்டதும் பஸ்ஸே சிரித்தது. சின்னவள் சிரிக்கவில்லை. வழி முழுக்க ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். என்னைச் சுமப்பது அவளுக்கு அலுத்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. அதைவிடக் கேவலமாக நான் யோசித்ததே இல்லை.

அடுத்த நாளே அவள் கையில் வழவழ என்று விளம்பரத் தாள்கள். சாப்பாட்டு மேஜைமேல் பரப்பினாள்.

"அக்கா, அந்த வண்டி இனிமே தேறாது. ஒண்ணு போனா ஒண்ணு. புது வண்டி பாக்கலாம். லீஸ்னு ஒண்ணு இருக்கு. மாசாமாசம் ஒரு தொகை. சர்வீஸ், இன்ஷூரன்ஸ், டயர் எல்லாம் அவங்க பொறுப்பு. ரிப்பேர்னா வீட்டுக்கே வந்து எடுத்துட்டுப் போயிடுவாங்க. அது வர்ற வரைக்கும் வேற வண்டி விட்டுட்டுப் போவாங்க. யார்கிட்டயும் போய் நிக்க வேணாம். மூணு வருஷத்துக்கப்புறம் வேணாம்னா திருப்பிக் குடுத்துடலாம்."

திருப்பிக் கொடுத்துவிடலாம். அந்த ஒரு வார்த்தைதான் என் காதில் விழுந்தது. ஒரு காலை வெளியில் வைத்திருப்பவள்தானே திருப்பிக் கொடுப்பதைப் பற்றி முதலிலேயே பேசுவாள்?

"வாடகை வண்டியா? மூணு வருஷம் பணத்தக் கொட்டிட்டுக் கடைசில கைய வீசிட்டு வர்றதா?"

"சொந்த வண்டிய வச்சு மட்டும் என்ன வாழுது? டாக்டருக்குக் கொட்டி அழறோம்."

"சொந்தம்னா சொந்தம்தான்டி. கடன் போட்டு வாங்குவோம். பாதி நீ, பாதி நான். மெதுவா அடைப்போம்."

என் கணக்கு வேறு. பாதிக் கடன் அவள் தலையில் இருந்தால் அவள் எங்கே போவாள்? கடன் ஒரு நல்ல கயிறு. பெரிய ராஜதந்திரி என்று எனக்கே என்மேல் மதிப்பு வந்தது.

சண்டை பிடித்தோம். சாப்பிடும்போது, துணி மடிக்கும்போது, டிவி முன்னால். அவள் 'லீஸ்' என்பாள், நான் 'சொந்தம்' என்பேன். "உனக்குப் பிடிவாதம்" என்பாள். "உனக்குப் புத்தி கிடையாது" என்பேன். ஒரு தடவை கோபத்தில் அவள் விளம்பரத் தாளைச் சுருட்டி என் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டாள். எனக்கு அதெல்லாம் சந்தோஷமாக இருந்தது. போகிறவள் எதற்கு இவ்வளவு மல்லுக்கு நிற்கப் போகிறாள்?

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, குட்டியோடு கதவைச் சாத்திக்கொண்டு ரொம்ப நேரம் பேசிவிட்டு வெளியே வந்தாள்.

"சரிக்கா. வாங்கிடலாம். உன் இஷ்டப்படியே."

நான் பாய்வதற்குத் தயாராக வைத்திருந்த பதில்கள் எல்லாம் வீணாகப் போயின. எங்கள் வாழ்க்கையில் அவள் சண்டை போடாமல் விட்டுக்கொடுத்தது கிடையாது. திரைச்சீலை நிறத்துக்கே மூன்று நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வாள். இருந்தும் எனக்கு உறைக்கவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டுக்கொண்டேன்.

ஷோரூம் கண்ணாடி மாளிகையாக இருந்தது. தரை அப்படி ஒரு வழவழப்பு, சின்னவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். எங்களைக் கவனித்த பெண் நல்ல பெண். ஃப்ரிட்ஜ் போலக் குளிர்ந்த ஏசியில் தானே நடுங்கிக்கொண்டு எங்களுக்குக் காபி கொண்டுவந்தாள். சின்னவள் கியர் இல்லாத வண்டியாகக் கேட்டாள். ஏறி இறங்க உயரம் சரியாக இருக்கிறதா என்று என்னைத்தான் உட்காரச் சொன்னாள், அதுவும் ஓட்டுகிற சீட்டில். எனக்குச் சிரிப்பு வந்தது. உட்கார்ந்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்து ஆட்டினேன்.

"நல்லா இருக்கா? முட்டி இடிக்குதா?"

"நான் எங்க உக்கார்ந்தா என்னடி? பக்கத்து சீட்ட பாரு."

அவள் பக்கத்து சீட்டைப் பார்க்கவில்லை.

மேஜைக்கு வந்தோம். பெண் கம்ப்யூட்டரில் தட்டத் தொடங்கினாள்.

"யார் பேர்ல மேடம்?"

"ரெண்டு பேர் பேர்லயும்" என்றேன் நான்.

"அக்கா பேர்ல மட்டும் போடுங்கம்மா" என்றாள் சின்னவள்.

"ஏய், பாதிப் பாதின்னு பேசினோம்ல?"

"என் பங்க முழுசா இப்பவே கட்டிடறேன்கா. கடன் வேணாம். என் சேமிப்பு இருக்கு."

பெண் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இன்ஷூரன்ஸுக்கு மேடம்... வண்டிய யார் ஓட்டுவீங்க?"

"அக்காதான்" என்றாள். "லைசென்ஸ் வச்சிருக்காங்க. ஓட்டிப் பழக்கம் விட்டுப்போச்சு. நான் போறதுக்குள்ள பழகிடுவாங்க."

நான் போறதுக்குள்ள. அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள், அந்தப் பெண்ணிடம். எனக்குச் சொல்லவில்லை, அந்தப் பெண்ணுக்குச் சொன்னாள். என் லைசென்ஸ் முகவரிச் சான்றுக்குக் காட்டுவதற்காக நான் புதுப்பித்துக்கொண்டே வந்த அட்டை. சின்னவள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் வண்டியைத் தொட்டதில்லை.

"எங்க போற?" என்றேன். எங்கே என்று எனக்குத் தெரியாதா? இருந்தும் கேட்டேன்.

"குட்டிகிட்ட. டிக்கெட் போட்டாச்சுக்கா. வீட்டுக்குப் போய் சொல்லலாம்னு இருந்தேன்."

"பிரசவம் முடிஞ்சதும் வந்துடுவல்ல?"

அவள் காபிக் கோப்பையை நகர்த்தி வைத்தாள். "அவ வேலைக்குப் போனா குழந்தைய யார் பாப்பா? அப்புறம் அது ஸ்கூல் போகணும். நான் அங்கயேதான்கா இருக்கணும்."

ஷோரூம் பெண் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று எழுந்து போய்விட்டாள். தண்ணீர் மேஜைமேலேயே இருந்தது.

"போகாதடி" என்றேன்.

என் குரலா அது? புகார் கவுண்ட்டரில் எத்தனையோ பேர் இதே குரலில் கெஞ்சியிருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து நாளைக்கு வாங்க என்று சொன்ன வாய்.

"போகாத. என்னால முடியாது. நீ இல்லாம அந்த வீட்டுல நான் யாரத் திட்டுவேன்? போகாதடி சின்னவளே."

அவள் முகம் சிவந்து, உதடு கோணிக்கொண்டு வந்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். கோபம். அவ்வளவு கோபத்தை அவளிடம் நான் பார்த்ததே இல்லை.

"இத எப்ப வந்து சொல்ற பாரு! சிக்னல்ல வச்சு உன்ன கேட்டேன்ல? என்ன செய்யட்டும்னு கேட்டேன்ல? நீ போகாதன்னு சொல்லுவன்னுதான் கேட்டேன். வண்டி ரெடியாகட்டும்னு சொன்ன. அப்புறமும் எத்தன நாள் உன் மூஞ்சியப் பாத்துட்டு உக்காந்திருந்தேன்! நீ லீஸு, கடனு, கியர் பாக்ஸுன்னு வண்டியப் பத்தியே பேசின. உனக்கு நான் இருந்தாலும் ஒண்ணு, போனாலும் ஒண்ணுன்னு நெனச்சுட்டேன்."

"இப்ப சொல்றேன்ல?"

"இப்ப சொல்லி என்ன? புள்ளையப் பாத்துக்க விசாரிச்சு வச்சிருந்த அந்தப் பொம்பளய குட்டி வேணாம்னு சொல்லிட்டா. போன ஞாயித்துக்கிழமை. அதுவரைக்கும் பொறுத்துப் பொறுத்துப் பாத்து, அம்மா வருவியா மாட்டியான்னு அழுதா. வரேன்னு வாக்குக் குடுத்துட்டேன். அந்தப் பொம்பள வேற வீட்டுக்குப் போயாச்சு. ஒரு வாரம் முன்னாடி சொல்லியிருந்தா..."

"சொல்லியிருந்தா இருந்திருப்பியா?"

"இருந்திருப்பேன்" என்றாள். "பிரசவத்துக்குப் போயிட்டு ஓடி வந்திருப்பேன்."

பொய்யாவது சொல்லியிருக்கலாம். எப்படியும் போயிருப்பேன் என்று சொல்லியிருந்தால் நான் பிழைத்துக்கொண்டிருப்பேன். சின்னவளுக்குப் பொய் வராது.

"அப்ப எதுக்குடி லீஸு லீஸுன்னு என்கூட மல்லுக்கட்டின?" என்றேன். எனக்கு வேறு என்ன கேட்பதென்று தெரியவில்லை.

"உனக்காகத்தான். நான் போயிட்டா நீ யாருகூட ஒர்க்‌ஷாப் வாசல்ல போய் நிப்ப? வீட்டுக்கே வந்து எடுத்துட்டுப் போவாங்களேன்னு பாத்தேன். பஸ் படில நீ நின்னியே, அன்னிக்கு ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் இல்ல. அந்த ஓட்ட வண்டிய நம்பி உன்ன எப்படி விட்டுட்டுப் போவேன்னு."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். நான் வைத்த சூனியத்துக்கு டாக்டரிடம் ரசீதே இருக்கிறது. வண்டி ரெடியாகாவிட்டால் அவள் இருப்பாள் என்று நான் நினைத்தேன். வண்டி ரெடியாகாததால்தான் அவள் எனக்கு வேறு வண்டி பார்த்து, எனக்கு ஒரு வழி செய்துவிட்டுக் கிளம்பத் தயாரானாள்.

"சின்னவளே, நம்ம வண்டி நல்லாத்தான் இருக்கு."

"என்ன?"

"பம்ப் மட்டும்தான் போச்சு. அத அப்பவே மாத்தியாச்சு. டாக்டர்கிட்ட நான்தான் குடுக்க வேணாம்னு சொல்லி நிறுத்தி வச்சேன். ரெடியானா நீ போயிடுவன்னு."

அவள் என்னையே பார்த்தாள். சிரிப்பு ஒன்று வந்தது அவளுக்கு, வந்த வேகத்தில் உடைந்தது. மேஜைக்கு மேலாகக் கை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வண்டியப் புடிச்சு வச்சியாக்கா? என் கையப் புடிச்சிருக்கலாம்ல?"

ஷோரூம் நடுவில், துடைத்து வைத்த புது வண்டிகளுக்கிடையில், நரைத்த தலை இரண்டுமாக அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தோம். அந்த நல்ல பெண் தூரத்தில் தண்ணீர் கிளாஸோடு நின்றுகொண்டிருந்தாள். நாங்கள் எழுந்ததும் ஓடிவந்தாள். "லீஸ் ஆப்ஷன் வேணும்னாலும் பாக்கலாம் மேடம்" என்றாள், பாவம். ரெண்டும் வேண்டாம்மா, மன்னிச்சுக்கோ என்று சொல்லிவிட்டு வந்தோம்.

அங்கிருந்து ஒர்க்‌ஷாப்புக்கு ஆட்டோவில் போனோம். வண்டி சுவரோரமாக, உறை போட்டு நின்றது. டாக்டர் சின்னவளைப் பார்த்ததும் வழக்கம்போலப் பெருமூச்சு விட ஆரம்பித்தார்.

"விடாதீங்க டாக்டர். எல்லாம் சொல்லிட்டேன்" என்றேன்.

அவர் விட்ட மூச்சைப் பாதியில் நிறுத்திக்கொண்டார். "என்ன மன்னிச்சிடும்மா" என்றார் சின்னவளிடம். "தினமும் ஸ்டார்ட் பண்ணி வச்சுதான் இருந்தேன். பேட்டரிகூட எறங்கல."

சின்னவள் கையை நீட்டினாள். சாவியை வாங்கினாள். உறையை உருவி மடித்து டிக்கியில் வைத்தாள். பிறகு ஓட்டுகிற பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீ ஓட்டு."

"எனக்கு மறந்துபோச்சுடி."

"பக்கத்துல உக்காந்து அத்தன வருஷம் எனக்குச் சொல்லிக் குடுத்தல்ல? ஏறு."

ஏறினேன். கால் எட்டவில்லை. அவள் குனிந்து என் சீட்டை முன்னால் இழுத்துவிட்டாள். கண்ணாடியைத் திருப்பி வைத்தாள். பெல்ட்டை மாட்டிவிட்டாள், குட்டிக்கு மாட்டுகிற மாதிரி. கிளட்சை விட்டதும் வண்டி ஒரு துள்ளு துள்ளி நின்றது. டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். நான்காவது துள்ளலில் வெளியே வந்தோம்.

ரோட்டில் எருமை நடை. சைக்கிள்காரர்கள் எங்களைத் தாண்டினார்கள். பின்னால் ஹாரன் மேல் ஹாரன். சின்னவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. வலது பக்கம் பாரு, கியர மாத்து, அவ்வளவுதான். எனக்கு ரோடு தண்ணீருக்குள் இருப்பது போலத் தெரிந்தது. துடைக்கக் கையை எடுக்கப் பயமாக இருந்தது. அவளே கைக்குட்டையை எடுத்துத் துடைத்துவிட்டாள்.

"கொஞ்சம் மிதிக்கா. பின்னாடி எல்லாரும் திட்டறாங்க."

"திட்டட்டும்."

"இப்படிப் போனா எப்ப வீடு போய்ச் சேர்றது?"

"சேர வேணாம். வீட்டுக்குப் போனா நீ பெட்டிய எடுப்ப."

அதற்கப்புறம் அவள் வேகமாகப் போகச் சொல்லவில்லை. ரயில்வே கேட் மூடியிருந்தது. திறந்திருந்தாலும் நான் நின்றிருப்பேன். ரயில் போய், கேட் திறந்து, பின்னால் இருந்தவர்கள் எல்லாரும் எங்களைச் சுற்றிக்கொண்டு போன பிறகுதான் நகர்ந்தோம்.

ஆனாலும் வீடு வந்துவிட்டது. எங்கள் வாசல் குறுகல். கேட்டுக்குள் வண்டியை விடுவது சின்னவளுக்கே தகராறு. நான் ரோட்டிலேயே நிறுத்திவிட்டேன்.

"நீ வந்து உள்ள விடுடி."

"நாளைக்கு யார் விடுவா?" என்று சொல்லிக்கொண்டே இறங்கினாள். கேட்டின் இரண்டு கதவையும் அகலத் திறந்துவைத்துவிட்டு, வண்டிக்கு முன்னால் வந்து நின்றாள். இரண்டு கையையும் தூக்கி, விரலை மடக்கி மடக்கி என்னைக் கூப்பிட்டாள்.

"வா... வாக்கா... நேரா வா. இன்னும் வா."

நான் ஒரு அடி வந்தால் அவள் ஒரு அடி பின்னால் போனாள். கண் என் மேலேயே இருந்தது. வா வா என்று கூப்பிட்டுக்கொண்டே பின்னால் போய்க்கொண்டிருந்தாள். நான் பிரேக்கை மிதித்தேன். அவள் மறுபடியும் கூப்பிட்டாள். நான் காலை எடுக்கவில்லை.